டூர் டி பிரான்ஸில் ஜெயித்த பிரேக், மார்க்கெட்டில் தோற்றது ஏன்? ‘மாஃபாக்’ கம்பெனியின் கதை

1975 ஜூலை 11. பிரான்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புய் டி டோம் என்ற பழைய எரிமலை மேல் டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஐந்து முறை டூரை வென்றிருந்த பெல்ஜியத்தின் எட்டி மெர்க்ஸ் உச்சியை நெருங்கும்போது, ஓரமாக நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் விலாப்பக்கம் ஒரு குத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஆல்ப்ஸ் மலையில் ப்ரா லூ ஏற்றத்தில் மெர்க்ஸ் தளர்ந்துபோனார். அவரைத் தாண்டிப் போன பிரெஞ்சுக்காரர் பெர்னார் தெவெனே மஞ்சள் பனியனைப் பிடித்தார், பாரிஸ் வரை விடவே இல்லை.

சைக்கிள் பந்தய வரலாற்றில் இது எல்லோரும் சொல்லும் கதை. பெரும்பாலும் யாரும் சொல்லாமல் விடும் ஒரு சின்ன விஷயம் இதில் இருக்கிறது. தெவெனே ஓட்டியது பெஜோ அணியின் சைக்கிள். அதில் இருந்த பிரேக், மெர்க்ஸ் குத்து வாங்கிய அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் கிளேர்மோன்-ஃபெரான் நகரத்தில் செய்தது. பிரேக்கின் பெயர் மாஃபாக்.

தெவெனே 1977-லும் டூரை வென்றார். அதற்கு அடுத்த பத்து வருஷத்துக்குள் மாஃபாக் என்ற கம்பெனியே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று யாரும் புகார் சொல்லி மூடவில்லை. இன்றைக்கும் அந்த பிரேக்கைத் தேடிப் பிடித்து வாங்கி, துடைத்து, தினமும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் மூடினார்கள்?

டயர் ஊரில் ஒரு பிரேக் கம்பெனி

கிளேர்மோன்-ஃபெரான் என்றதும் தொழில் உலகம் தெரிந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மிச்செலின். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் அதே மிச்செலின்தான். அந்தக் கம்பெனியின் பிறந்த ஊரும் தலைமையகமும் இந்த நகரம். 1891-ல் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டு வந்தார்கள். அதே வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நெடும்பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி ஜெயித்தார். காருக்கு டயர் செய்து உலகப் பெயர் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகு. ஆக, சைக்கிள் இந்த ஊருக்குப் புதிது கிடையாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் இந்த ஊரில்தான் மாஃபாக் தொடங்கியது. அது ஒரு சுருக்கப் பெயர். விரித்தால், ‘ஓவெர்ஞ் வட்டார சைக்கிள் பிரேக் மற்றும் உதிரிபாகத் தொழிற்சாலை’ என்கிற மாதிரி நீண்ட பிரெஞ்சுப் பெயர் வரும். ஓவெர்ஞ் என்பது அந்த வட்டாரத்தின் பெயர். ஓய்ந்துபோன எரிமலைகள், வளைந்து வளைந்து இறங்கும் சாலைகள் என்று முழுக்க முழுக்க மலைநாடு. பிரேக் கம்பெனி தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா என்ன!

அந்தக் காலத்து பிரெஞ்சு சைக்கிள் உலகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மாஃபாக்குக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு என்பது புரியும். பந்தய வீரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லீவு கிடைத்தால் சாமான்களைக் கட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றும் சாதாரண ஜனங்கள். 1930-களிலும் 40-களிலும் அங்கே ‘சிறந்த சைக்கிள் எது?’ என்று பார்க்கத் தனிப் போட்டிகளே நடந்தன. கரடுமுரடான மலைச்சாலைகளில் ஓட்டி, எடை பார்த்து, எது உடைகிறது என்று மார்க் போடுவார்கள். 1938-ல் பாரிஸைச் சேர்ந்த ரெனே ஹெர்ஸ் செய்த ஒரு சைக்கிள், விளக்கு, மட்கார்டு, கேரியர் எல்லாம் சேர்த்தே 7.94 கிலோதான் இருந்தது. இன்றைய கார்பன் ஃபைபர் சைக்கிள் விற்பவர்களுக்கே கொஞ்சம் வயிற்றெரிச்சல் தரும் கணக்கு இது.

சைக்கிள் இப்படி இலேசாகிக்கொண்டே போனது. இறக்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது. நிறுத்துவதற்கு?

பிரச்சினை எங்கே இருந்தது?

இங்கே கொஞ்சம் மெக்கானிக் ஷாப் பக்கம் போய் வர வேண்டியிருக்கிறது. ரொம்ப நேரம் ஆகாது.

சைக்கிளின் ரிம் பிரேக் என்பது எளிமையான சங்கதி. கைப்பிடியில் லீவரை அழுத்துகிறீர்கள், கேபிள் இழுபடுகிறது, இரண்டு கைகள் ரிம்மின் இரு பக்கமும் ரப்பர் கட்டையை அழுத்துகின்றன. உரசலில் சக்கரம் நிற்கிறது. லீவரில் கொடுக்கும் பலம் முழுசும் ரப்பருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கேள்வியே. நடுவில் ஏதாவது ஒரு பாகம் வளைந்து கொடுத்தால், உங்கள் பலம் அதை வளைப்பதிலேயே போய்விடும். லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்துவிடும், வண்டி நிற்காது. ஸ்பாஞ்சைப் பிடித்து அழுத்தின மாதிரி இருக்கும்.

‘சைடு-புல்’ என்று சொல்லப்படும் பிரேக்கில், இரண்டு கைகளும் டயருக்கு மேலே நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் கோத்திருக்கும். கத்தரிக்கோல் மாதிரி. அந்த போல்ட்டிலிருந்து கை டயரைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி ரிம்மைத் தொட வேண்டும். மெல்லிய டயராக இருந்தால் பரவாயில்லை. டயர் தடிமனாக இருந்து, மேலே மட்கார்டும் இருந்தால்? கை நீளமாகும். நீளமான கை வளையும். 1940-களில் கிடைத்த உலோகத்தில், அந்த நீளத்தில், அது நன்றாகவே வளைந்தது.

இதற்கு இரண்டு வழிகள். முதலாவது கேன்டிலீவர். இரண்டு கைகளையும் நடு போல்ட்டில் மாட்டாமல், ஃபிரேமின் ஃபோர்க்கிலேயே இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என்று குமிழ் வைத்துப் பற்றவைத்து, அதில் நேரடியாக மாட்டிவிடுவது. கைகள் இரண்டும் இறக்கை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். அதை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் இரண்டு ரப்பரும் ரிம்மைக் கவ்வும். கை குட்டையாக இருப்பதால் வளைவது குறைவு. எவ்வளவு தடிமனான டயரும் உள்ளே போகும். இதை மாஃபாக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் அதற்கு முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் மாஃபாக் தன் முதல் காலத்திலேயே செய்தது இந்த வகைதான். இலேசாகவும், திடமாகவும், சாதாரண ஆள் வாங்கக்கூடியதாகவும் அதைச் செய்து காட்டியது.

இரண்டாவது வழி சென்டர்-புல். மாஃபாக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். ஃபிரேமில் குமிழ் பற்றவைக்காத சைக்கிளுக்கு என்ன செய்வது? ஒரு சின்ன வளைந்த பட்டையை நடு போல்ட்டில் மாட்டி, அந்தப் பட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கையை மாட்டிவிடுவது. இப்போது ஒவ்வொரு கைக்கும் தனித்தனி அச்சு, அதுவும் டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குப் பக்கத்தில். கேபிள் நடுவிலிருந்து இழுப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பலம்.

1950-களின் தொடக்கத்தில் மாஃபாக் கொண்டு வந்த சென்டர்-புல்லின் பெயர் ‘டூரல் ஃபோர்ஜே’. ‘டூரல்’ என்றால் டூராலுமின், விமானங்களுக்குப் பயன்பட்ட அலுமினியக் கலவை. ‘ஃபோர்ஜே’ என்றால் அச்சில் வைத்து அடித்து உருவாக்கியது. உருக்கி வார்த்த பாகத்தைவிட இப்படி அடித்துச் செய்தது உறுதியாக இருக்கும். செய்முறையையே பெயராக வைத்துவிட்டார்கள். பிற்பாடு இதற்கே ‘ரேசர்’ என்று பெயர் வந்தது.

ரப்பர் கட்டையை மாட்டும் விதத்திலும் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. கட்டையின் தண்டு ஒரு துளையிட்ட போல்ட்டுக்குள் நுழைந்து நிற்கும். ஒரே ஒரு நட்டைத் தளர்த்தினால் கட்டையை உள்ளே வெளியே தள்ளலாம், மேலே கீழே நகர்த்தலாம், ரிம்மின் சாய்வுக்கு ஏற்ப சாய்க்கலாம். அதனால் ஒரே பிரேக் பல கம்பெனி ஃபிரேம்களுக்கும், பல அளவு சக்கரங்களுக்கும் பொருந்தியது. சைக்கிள் கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சாம்பியனுக்கும் இது, சாமானியனுக்கும் இது

மாஃபாக்கின் பொற்காலம் என்று 1950-களையும் 60-களையும் சொல்லலாம். டூரை ஐந்து முறை வென்ற முதல் வீரரான ழாக் அங்கெத்தில் தன் ஆரம்ப காலத்தில் ஓட்டிய ஹெலியெட் கம்பெனியின் பந்தய சைக்கிள்களில் மாஃபாக் இருந்தது. பெஜோவின் புகழ்பெற்ற ‘பிஎக்ஸ்-10’ சைக்கிளிலும் மாஃபாக்தான். பந்தய அணிக்குக் கொடுத்ததற்கு மிக நெருக்கமான ஒரு சைக்கிளைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதுதான் பிஎக்ஸ்-10-ன் கவர்ச்சியே. ஒரு சுவாரஸ்யம்: 1966, 67-ல் மெர்க்ஸ் என்ற இளம் பெல்ஜியக்காரர் இதே பெஜோ அணியில்தான் இருந்தார். மிலான்-சான் ரெமோ பந்தயத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது அப்போதுதான். பின்னால் தன்னை வீழ்த்தப்போகும் அணியின் சைக்கிளில் ஓட்டித்தான் அவர் பெயர் வாங்கினார்.

இதே ‘ரேசர்’ பிரேக், பெஜோவின் விலை குறைந்த ‘யூஓ-8’ மாடலிலும் வந்தது. இன்றைக்கு ஒரு கம்பெனி பந்தய வீரருக்கு ஒரு பாகமும், காலேஜ் மாணவருக்கு அதில் நாலில் ஒரு பங்கு விலையில் வேறு பாகமும் செய்யும். மாஃபாக் விஷயத்தில் சாம்பியன் ஓட்டியதும் மாணவர் ஓட்டியதும் கிட்டத்தட்ட ஒன்றே. பின்னாளில் இதுவே கம்பெனிக்கு வினையானது. எல்லார் கையிலும் இருப்பது ‘ஸ்பெஷல்’ ஆகத் தெரியாது, இல்லையா?

பிரேக்கோடு நிற்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் தொங்கும் ஒரு சின்னப் பை, அதற்குள் ஸ்பேனர்கள், டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் சாமான் என்று ஒரு டூல் கிட்டும் மாஃபாக் செய்தது. பல பெஜோ சைக்கிள்களை வாங்கும்போதே இது கூட வரும். பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் மத்தியில் இந்தப் பைக்குத் தனி மவுசு.

ரெனே ஹெர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற கைவேலை சைக்கிள் தயாரிப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாஃபாக் சென்டர்-புல்லை வாங்கி, அந்த வளைந்த பட்டையைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, இரண்டு கைகளுக்கும் ஃபிரேமிலேயே அச்சுகளைப் பற்றவைத்து நேரடியாக மாட்டினார்கள். பட்டை போனதால் எடை குறைந்தது, வளைவதும் போயிற்று. அந்தக் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த சைக்கிள் பிரேக் இதுதான் என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. வாதத்தில் நியாயமும் இருக்கிறது.

குறையே இல்லையா?

ஏன் இல்லை? மாஃபாக் பிரேக்கை ஓட்டியவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது பிரேக் பிடித்த கதையை அல்ல, கத்திய கதையை. ‘கீ...ச்’ என்று தெருக்கோடி வரை கேட்கும். ரப்பர் ரிம்மைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கி என்று ஒரு நொடிக்குள் பல நூறு முறை நடக்கும்போது கைகள் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் சத்தம். அச்சில் இருக்கும் புஷ் தேய்ந்துபோயிருந்தால் கச்சேரி இன்னும் களைகட்டும்.

பாகங்களும் அதிகம். குறுக்குக் கம்பி, அதைத் தூக்கும் கொக்கி, மேலே கேபிள் உறையைத் தாங்க ஒரு தனி அடைப்பு, வளைந்த பட்டை, இரண்டு ஸ்பிரிங். சைடு-புல்லில் இதில் பாதி கிடையாது. சைக்கிள் ஃபேக்டரியில் பாகங்களைக் கோக்கும் தொழிலாளிக்கு ஒரு சைக்கிளுக்கு சில நிமிஷம் கூடுதல் வேலை. ஆயிரக்கணக்கில் செய்யும்போது அந்த நிமிஷங்கள் காசு.

ஓர் ஆபத்தும் உண்டு. இது மாஃபாக்குக்கு மட்டும் இல்லை, குறுக்குக் கம்பி வைத்த எல்லா பிரேக்குக்கும் பொது. முன்சக்கர பிரேக்கின் முக்கிய கேபிள் அறுந்தால், குறுக்குக் கம்பி தளர்ந்து டயர் மேல் விழும். டயரின் பட்டன்களில் அது சிக்கிக்கொண்டால் முன்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். அதனால்தான் இந்த வகை சைக்கிள்களில் முன்பக்க மட்கார்டையோ ரிஃப்ளெக்டர் பிடிப்பையோ கழற்றாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். விழும் கம்பியை அதுதான் தாங்கும்.

இத்தாலியிலிருந்து வந்த அடி

1968-ல் இத்தாலியின் கம்பான்யோலோ கம்பெனி தன் முதல் பிரேக்கை வெளியிட்டது. அது சைடு-புல். அதாவது, பழசாகிவிட்டது என்று பலரும் நினைத்திருந்த வகை. ஆனால் செய்த விதம் வேறு. அச்சு துல்லியம், பளபளப்பான முடிப்பு, லீவரை அழுத்தும்போது தட்டுத்தடங்கல் இல்லாத ஓட்டம், சக்கரத்தைக் கழற்ற பிரேக்கிலேயே ஒரு சின்ன விசை. விலை? கேட்டால் தலை சுற்றும்.

அந்த விலையே அதற்கு விளம்பரமும் ஆயிற்று. கியர், கிராங்க், ஹப் எல்லாம் கம்பான்யோலோ வைத்திருந்த வீரர்கள் பிரேக்கும் அதே கம்பெனியில் எடுத்தார்கள். பெரிய சாம்பியன்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதுதான் கடையில் ‘ஒசத்தி’. சில வருஷத்துக்குள், விலை உயர்ந்த சைக்கிள் என்றால் சைடு-புல், விலை குறைந்த சைக்கிள் என்றால் சென்டர்-புல் என்று வாங்குபவர்கள் மனதில் பதிந்துவிட்டது. எது நன்றாக நிறுத்துகிறது என்று யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மெல்லிய டயரும் மட்கார்டு இல்லாத ஃபிரேமும் பந்தயத்தில் பரவியதால் சைடு-புல்லின் கையும் குட்டையாகிவிட்டது. பழைய குறை அங்கே பெரிதாக உறுத்தவில்லை.

மாஃபாக் சும்மா இருக்கவில்லை. கை குட்டையான ‘காம்பெடிஷன்’, ‘2000’ என்ற மாடல், தடிமனான டயருக்காகக் கை நீண்ட ‘ரெய்டு’ என்று வரிசையாக விட்டது. தெவெனே டூரை ஜெயித்த காலமும் இதுதான். ஆனால் காற்று மாறிவிட்டிருந்தது.

அமெரிக்காவில் அலை, ஜப்பானில் அறுவடை

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திடீரென்று சைக்கிள் மோகம் பிடித்தது. 1973-ல் மட்டும் அங்கே விற்ற சைக்கிள்கள் சுமார் ஒன்றரைக் கோடி. கார்களைவிட அதிகம்! உள்ளூர்த் தயாரிப்பு போதாமல் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கினார்கள். பெஜோவோடு சேர்ந்து மாஃபாக்கும் அட்லான்டிக் கடலைத் தாண்டியது. பார்ப்பதற்கு இதுதான் உச்சம்.

அதே நேரத்தில் ஜப்பான்காரர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிமானோ 1973-ல் ‘டுரா-ஏஸ்’ என்ற வரிசையைக் கொண்டு வந்தது. கியர் ஒரு கம்பெனி, பிரேக் ஒரு கம்பெனி, கிராங்க் ஒரு கம்பெனி என்று தேடித் தேடி வாங்க வேண்டாம். எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தும்படி, சொன்ன தேதியில், சொன்ன தரத்தில் தருகிறோம் என்பதுதான் அவர்கள் வியாபாரம். ‘குரூப்செட்’ என்று இன்று சைக்கிள் கடையில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான். சென்டர்-புல் பிரேக்கே வேண்டும் என்றாலும், சுவிட்சர்லாந்தின் வைன்மான் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஜப்பானின் டயா-கோம்பே மலிவாகச் செய்து கொடுத்தது.

பிரான்ஸின் நிலைமை இதற்கு நேர் எதிர். கியருக்கு சிம்ப்ளெக்ஸ், கிராங்குக்கு ஸ்ட்ராங்லைட், ஹப்புக்கு மையார், பிரேக்குக்கு மாஃபாக். ஒவ்வொருவரும் தன் தன் வேலையில் கெட்டி. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில், ஒவ்வொரு முதலாளியின் கீழ். இவர்கள் எல்லாம் 1970-களின் பிற்பகுதியில் ‘ஸ்பிடெல்’ என்ற ஒரே பெயரில் கூட்டு சேர்ந்து விற்றுப் பார்த்தார்கள். மாஃபாக் செய்த சைடு-புல் பிரேக்கும் அந்தப் பெயரில் வந்தது. ஆமாம், சென்டர்-புல்லுக்குப் பெயர் போன கம்பெனியே கடைசியில் சைடு-புல் செய்தது. ஸ்பிடெல் சரியான யோசனைதான். பத்து வருஷம் முன்னாடி வந்திருக்க வேண்டியது. ஒட்டிய லேபிள் ஒன்றாக இருந்ததே தவிர, உள்ளே நான்கு கம்பெனிகள் நான்காகவே இருந்தன. ஒரே மேசையில் உட்கார்ந்து வடிவமைத்த பாகங்களோடு அது மோத முடியவில்லை.

1980-களில் பிரெஞ்சு உதிரிபாகத் தொழில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. ஹுரே, மையார் ஜெர்மனியின் சாக்ஸ் கைக்குப் போயின. அந்தப் பத்தாண்டுக்குள் மாஃபாக்கும் கதவை மூடியது.

தெரியாமலே திறந்த இன்னொரு கதவு

இந்தக் கதையில் ரொம்பவும் மனசுக்குக் கஷ்டமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி என்று ஒரு மலைப்பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய், மண் பாதையில் கண்மண் தெரியாமல் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1976 அக்டோபரில் அதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். அந்தப் பாதையின் பெயர் ‘ரீபேக்’. பெயர் வந்ததே பிரேக்கால்தான். அந்தப் பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக். ஒரு முறை கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து ஆவியாகிவிடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையின் ஆங்கிலப் பெயர்தான் பாதையின் பெயரானது.

இவர்கள் சொந்தமாக மலை சைக்கிள் கட்ட ஆரம்பித்தபோது, தடி டயருக்கு இடம் விட்டு, மண்ணிலும் ஈரத்திலும் பிடிக்கும் பிரேக் எது என்று தேடினார்கள். பதில் அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டு பேர் ஓட்டும் டான்டெம் சைக்கிளுக்காக மாஃபாக் செய்த பெரிய கேன்டிலீவர். டாம் ரிட்ச்சி செய்து, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுன்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் 1979 முதல் விற்ற சைக்கிள்களில் மாஃபாக் கேன்டிலீவரும் மகுரா மோட்டார் சைக்கிள் லீவரும் ஜோடி சேர்ந்தன. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி வெளியிட்ட ‘ஸ்டம்ப்ஜம்பர்’, ஃபேக்டரியில் மொத்தமாகத் தயாரித்து உலகெங்கும் பரவிய முதல் மவுன்டன் பைக்குகளில் ஒன்று. அதன் முதல் பதிப்பிலும் மாஃபாக் கேன்டிலீவர்தான்.

அடுத்த இருபது வருஷத்துக்கு உலக சைக்கிள் தொழிலையே தூக்கி நிறுத்தப்போகும் ஒரு புது வகை சைக்கிள். அதன் முதல் மாடல்களில் மாஃபாக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தச் சந்தையைப் பிடித்து வளர்க்க வேண்டிய நேரத்தில் கம்பெனியிடம் தெம்பு இல்லை. ஷிமானோ 1982-ல் மவுன்டன் பைக்குக்கென்றே ‘டியோர் எக்ஸ்டி’ வரிசையைக் கொண்டு வந்தது. டயா-கோம்பேயும் கேன்டிலீவர் செய்தது. அத்தோடு அந்தக் கதவும் மாஃபாக்குக்குச் சாத்திக்கொண்டது.

கம்பெனி போச்சு, ஐடியா?

அது போகவில்லை. மூன்று முறை வேறு வேறு வேஷத்தில் திரும்பி வந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஷிமானோ ரோடு சைக்கிளுக்கு ‘டூயல்-பிவட்’ பிரேக்கைக் கொண்டு வந்தது. இரண்டு கைகளும் ஒரே அச்சில் இருந்ததை மாற்றி, ஒரு கையின் அச்சை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். பாதி சைடு-புல், பாதி சென்டர்-புல். கம்பான்யோலோவும் பின்னாலேயே வந்தது. 1996 வாக்கில் மவுன்டன் பைக்கில் வந்த வி-பிரேக், கேன்டிலீவருக்காக ஃபிரேமில் வைத்த அதே குமிழ்களில் உட்கார்ந்துகொண்டது. உங்கள் வீட்டு கியர் சைக்கிளில் டிஸ்க் இல்லையென்றால், குனிந்து பாருங்கள், அநேகமாக இந்த வகைதான் இருக்கும். மூன்றாவது, 2010-களில் பந்தய சைக்கிள்களுக்கு வந்த ‘டைரக்ட் மவுன்ட்’ பிரேக். நடு போல்ட்டை விட்டுவிட்டு ஃபோர்க்கில் இரு பக்கமும் தனித்தனி இடத்தில் பொருத்துவது. புதுமை என்று விளம்பரம் செய்தார்கள். ரெனே ஹெர்ஸின் பட்டறையில் மாஃபாக் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் செய்ததற்கும் இதற்கும் கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

2018-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ரோடு பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முறைப்படி அனுமதித்தது. ரிம் பிரேக்கின் காலம் பந்தயத்தில் அத்தோடு மங்கத் தொடங்கியது. விந்தை என்னவென்றால், சென்டர்-புல் புதிதாகக் கிடைப்பது அதற்கு முன்பே மறுபடி ஆரம்பமாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் பால் காம்போனன்ட் கம்பெனி ஒரு சென்டர்-புல் செய்கிறது. அதன் பெயர் ‘ரேசர்’. சியாட்டிலில் யான் ஹைனே நடத்தும் ரெனே ஹெர்ஸ் சைக்கிள்ஸ் விற்கும் சென்டர்-புல், மாஃபாக் ‘ரெய்டு’ மாடலை அடியொற்றியது. தடி டயர், மட்கார்டு, நீண்ட பயணம் என்று 1950-களின் ஓவெர்ஞ் மலைச்சாலைத் தேவைகள் திரும்பி வந்ததும், அந்தத் தேவைக்குச் செய்த பிரேக்கும் திரும்பி வந்துவிட்டது.

அசல் மாஃபாக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் நடக்கும் ‘லெரோய்கா’ என்ற பழைய சைக்கிள் சவாரியில், 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள்களுக்குத்தான் அனுமதி. வெள்ளை மண் சாலையில் அவை கூட்டமாக இறங்கும்போது அந்தப் பழைய ‘கீச்’ சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். சத்தத்தை நிறுத்த வழி உண்டு. ரப்பர் கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மயிரிழை முந்தித் தொட வேண்டும், பின்முனை பிறகு. பழைய மாஃபாக்கில் அதற்கென்று தனித் திருகு கிடையாது. ஒன்று, கட்டையின் பின்முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் கையை ஸ்பேனரில் பிடித்து, உடையாத அளவுக்கு, கொஞ்சூண்டு முறுக்க வேண்டும். 70 வருஷம் பழைய அலுமினியத்தை முறுக்க எல்லாருக்கும் மனசு வராது; பலர் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.